கிளினிக் லேப்டாப்: எந்தப் பூட்டு, யார் கையில் சாவி?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஒரு சின்ன கிளினிக்கோ லேபோ லேப்டாப் வாங்கும்போது கடையில் விசாரிப்பதெல்லாம் ராம் எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம், கூடவே பை தருவார்களா என்பதுதான். உள்ளே ஏறப்போகும் நோயாளி விவரத்துக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், "பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துருவோம் சார், ஒண்ணும் ஆகாது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதில் போதாது. வேறு என்னென்ன வழி இருக்கிறது, ஐந்தாறு லேப்டாப்புக்கு மேல் இல்லாத ஓர் இடத்துக்கு அவற்றில் எது ஒத்துவரும் என்று பார்ப்போம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்வது, அதாவது சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி கலைத்து வைப்பது, அடிப்படை. மற்றதெல்லாம் அதற்கு மேல். ஆனால் எந்த சாஃப்ட்வேர் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பாதி நேரத்தையாவது, பூட்டு சிக்கிக்கொண்டால் திறக்க உதவும் அதன் மீட்புச் சாவி யார் கையில் இருக்கும் என்பதற்கு ஒதுக்க வேண்டும். இந்தப் பக்கம் பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

உள்ளே என்ன இருக்கிறது

பில்லிங் சாஃப்ட்வேரில் நோயாளிகள் பட்டியல் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமான இடம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். செட்டிநாட்டில் பெரியவர்கள் இங்கே, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும். ஆச்சிக்கு ரத்தம் எடுத்தால் ரிசல்ட் வாட்ஸ்அப்பில் மகனுக்குப் போக வேண்டும். அதற்காக ரிசப்ஷன் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் எப்போதும் திறந்தே கிடக்கும். போகிற வருகிற பிடிஎஃப் ஒவ்வொன்றும் டவுன்லோட்ஸில் ஒரு நகல் விட்டுப்போகும். யாரும் அதை அழிப்பதில்லை. ஒரு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் ஃபைல் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: பெயர், ஊர், "கிரியேட்டினின்", "பயாப்சி", "எச்ஐவி".

"பெயரை எடுத்துவிட்டு இனிஷியல் மட்டும் வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள் சிலர். வேறு ஊரில் அது ஓரளவு பலன் தரலாம். இங்கே நகரத்தார் வீடுகளின் விலாசம் என்பதே அந்த இனிஷியல் எழுத்துகள்தான். எழுத்துகளும் ஊர்ப்பெயரும் வயதும் இருந்தால், பள்ளத்தூரில் எந்தத் தெருவில் எந்த வீடு என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார்கள். மனநல மருந்து, காசநோய், குழந்தைப்பேறு சிகிச்சை மாதிரி ஒரு விவரம் வெளியே கசிந்தால் அது போய் நிற்கும் இடம் பெண் பார்க்கும் வீடு. இதில் சாதி வித்தியாசமெல்லாம் இல்லை. எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊர்களில் எந்தக் குடும்பத்துக்கும் இதே கதிதான்.

ஸ்கேன் படங்களிலும் ஒரு விஷயம் உண்டு. டைகாம் வகை ஃபைலின் பெயரை வெறும் நம்பராக மாற்றினாலும், ஃபைலுக்குள்ளேயே நோயாளியின் பெயர், பிறந்த தேதி, ஐடி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பெயர் மாற்றுவது மறைப்பது ஆகாது.

வெறும் விண்டோஸ் பாஸ்வேர்டு

இன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் இருப்பது இது ஒன்றுதான். மேசையில் கிடக்கும் லேப்டாப்பை யாரோ சும்மா திறந்து பார்ப்பதைத் தடுக்கும். திருடு போனால் தடுக்காது. அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி டிஸ்க்கை எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லா ஃபைலும் பென் டிரைவைப் போலத் திறக்கும். பாஸ்வேர்டை யாரும் கேட்கவே மாட்டார்கள். சர்வீஸ் கடையில் டேட்டா எடுத்துத் தருபவர்கள் தினமும் செய்கிற வேலை இது. இதில் வித்தை ஒன்றும் இல்லை.

இதன் விலை என்ன என்பதற்கு வெளிநாட்டுக் கணக்கு ஒன்று. அமெரிக்காவில் லைஃப்ஸ்பேன் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் ஊழியர் ஒருவருடைய லேப்டாப் 2017-இல் காரிலிருந்து திருடு போனது. அது என்கிரிப்ட் செய்யப்படவில்லை. 20,431 பேரின் விவரம் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. 2020-இல் 10 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். என்கிரிப்ட் செய்ய வேண்டும் என்ற கொள்கை அவர்களிடம் காகிதத்தில் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

ஃபைலுக்கு ஃபைல் பூட்டுவது

அடுத்து, முக்கியமான ஃபைல்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு போடுவது. எக்ஸெலில் இரண்டு விதம் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. ஷீட்டை "புரொடெக்ட்" செய்வது கட்டங்களைத் தவறுதலாக மாற்றாமல் இருக்கத்தான். அதில் ரகசியம் எதுவும் காக்கப்படுவதில்லை. ஃபைல் மெனுவில் இன்ஃபோ பகுதிக்குப் போய் "என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு" கொடுத்தால் மட்டுமே உள்ளே இருப்பது உண்மையில் பூட்டப்படும். செவன்-ஜிப் என்ற ஃபைல் கட்டும் சாஃப்ட்வேரில் ஏஇஎஸ்-256 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுத்துக் கட்டினாலும் அதே பலன். வெராகிரிப்ட் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு பெரிய பெட்டி மாதிரி ஃபைல் உருவாக்கி, பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவாகத் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

குறை எங்கே என்றால், மனிதரிடம். ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்துப் பூட்ட வேண்டும். சாயங்காலம் 40 பேர் காத்திருக்கும் ரிசப்ஷனில் அது நடக்காது. பூட்டிய ஃபைலைத் திறந்து பார்த்த பின் அதன் தடயம் விண்டோஸ் தற்காலிகமாக எழுதிவைக்கும் டெம்ப் ஃபோல்டரிலும் பேஜ் ஃபைலிலும் தங்கிவிடலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். வெளியூருக்கு ஒரு ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்ப, ஆடிட்டருக்கு ஒரு பட்டியல் கொடுக்க என்றால் இந்த முறை நல்லது. பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். லேப்டாப் முழுவதற்குமான பாதுகாப்பாக இதை நம்ப வேண்டாம்.

டிஸ்க் முழுவதும் என்கிரிப்ஷன்

இங்கே யாரும் எதையும் ஞாபகம் வைத்துப் பூட்ட வேண்டியதில்லை. எழுதப்படுவது அத்தனையும் டிஸ்க்கில் விழும்போதே கலைக்கப்பட்டு விழுகிறது. டிஸ்க்கைக் கழற்றி எங்கே செருகினாலும் குப்பைதான் தெரியும். டவுன்லோட்ஸ், டெம்ப், ரீசைக்கிள் பின், பில்லிங் டேட்டாபேஸ் எல்லாம் இதில் அடங்கும்.

விண்டோஸில் இது இரண்டு பெயரில் வருகிறது. புரோ பதிப்பில் பிட்லாக்கர்; 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. ஹோம் பதிப்பில் அதன் சுருங்கிய வடிவம், டிவைஸ் என்கிரிப்ஷன். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் அந்தப் பெயரில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து ஆன் ஆகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான லேப்டாப்களில் இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. அதாவது உங்கள் லேப்டாப் ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், உங்களுக்கே தெரியாமல். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது சாவியைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

ஒரு நுணுக்கம்: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையாமல் லோக்கல் அக்கவுண்டில் ஓடும் லேப்டாப்பில், டிஸ்க் என்கிரிப்ட் ஆனது மாதிரி இருந்தாலும் "ஆக்டிவேஷனுக்குக் காத்திருக்கிறது" என்று ஒரு நிலை உண்டு. அந்த நிலையில் சாவி டிஸ்க்கிலேயே திறந்து கிடக்கிறது. பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுப் போன மாதிரி.

ஹோம் போதுமா, புரோ வேண்டுமா? ஒரே லேப்டாப், ஒரே ஆள் என்றால் ஹோம் போதும். புரோவுக்குக் கூடுதல் பணம் கட்டினால் கிடைப்பவை மூன்று. சாவியை எங்கே வைப்பது என்று நீங்களே தீர்மானிக்கலாம். ஆன் செய்யும்போதே ஒரு பின் நம்பர் கேட்கும்படி அமைக்கலாம். பென் டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பிட்லாக்கர் டு கோ மூலம் பூட்டலாம். ஹோம் பதிப்பு அப்படிப் பூட்டியதைத் திறக்கும், ஆனால் அதைக் கொண்டு புதிதாகப் பூட்ட முடியாது. பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்ட வேண்டும் என்பதற்காகவே, இரண்டு லேப்டாப்புக்கு மேல் உள்ள இடத்தில் ஒன்றாவது புரோவாக இருக்கட்டும் என்பேன். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் புரோ கீயை வாங்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஓடும் என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஏற்கெனவே புழங்கும் லேப்டாப்பில் புரோ கொண்டு பிட்லாக்கர் போடும்போது ஒரு கேள்வி வரும்: பயன்படுத்திய இடம் மட்டுமா, முழு டிரைவுமா? முழு டிரைவைச் சொல்லுங்கள். அழித்ததாக நினைக்கும் பழைய ரிப்போர்ட்டுகள் காலி இடத்தில் அப்படியே கிடக்கும். அவையும் கலைய வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். சார்ஜரைச் செருகி ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுங்கள். நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேகம் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போதைய பிராசஸர்களில் இந்தக் கணக்கைப் போட்டுத் தரவே தனிக் கட்டளைகள் உண்டு; எஸ்எஸ்டி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஆப்பிள் லேப்டாப் வைத்திருக்கும் டாக்டர்கள் அதிலேயே வரும் டிஸ்க் என்கிரிப்ஷனான ஃபைல்வால்டை ஆன் செய்தால் போதும். மேலே சொன்ன குழப்பங்களில் பாதி அங்கே இல்லை. லினக்ஸில் நிறுவும்போதே லக்ஸ் முறையில் என்கிரிப்ட் செய்யச் சொல்லிக் கேட்கும். ஆனால் லேப் சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸிலேயே ஓடுவதால் அதற்கு இங்கே வேலை குறைவு.

வெராகிரிப்ட் கொண்டும் டிஸ்க் முழுவதையும் பூட்டலாம். காசு இல்லை, ஹோம் பதிப்பிலும் ஓடும். கிளினிக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆன் செய்ததும் ஒரே பாஸ்வேர்டு கேட்கும். நாலு பேர் மாறி மாறி உட்காரும் லேப்டாப்பில் அந்தப் பாஸ்வேர்டு மூன்றாம் நாள் ஸ்டிக்கராக ஸ்கிரீனுக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கும். மறந்துபோனால் மீட்க யாராலும் முடியாது. வெராகிரிப்ட் அவசரத்துக்கு உருவாக்கித் தரும் ரெஸ்க்யூ டிஸ்க் வைத்திருந்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் அது உதவாது. கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கூடவே இருக்கும் இடத்துக்குத்தான் அது சரி.

இன்னொன்று. இந்த என்கிரிப்ஷன் முழுப் பலம் காட்டுவது லேப்டாப் அணைந்திருக்கும்போது. மூடியை மட்டும் மூடினால் அது தூங்குகிறது; சாவி மெமரியில் விழித்துக்கொண்டிருக்கிறது. சாதாரணத் திருடன் அதை எடுக்க மாட்டான், அவனுக்கு வேண்டியது லேப்டாப்பின் விலை. என்றாலும் பஸ்ஸிலும் பைக்கிலும் போகிற லேப்டாப்பில், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணையும்படி, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் மாற்றி வைப்பது ஐந்து நிமிஷ வேலை. திறக்கச் சில வினாடி கூடும், அவ்வளவுதான்.

மீட்புச் சாவி

பிட்லாக்கர், டிவைஸ் என்கிரிப்ஷன் இரண்டிலும் 48 இலக்கமுள்ள மீட்புச் சாவி ஒன்று உருவாகும். சாதாரண நாட்களில் அது தேவைப்படாது. மதர்போர்டு மாற்றினால், லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸ் அப்டேட் ஆனால், சில சமயம் காரணமே புரியாமல், ஒரு நீலத்திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். இடி மின்னலில் போர்டு போய் மாற்றிக்கொண்டு வருவது நம் பக்கம் புதிதில்லை. சாவி இருந்தால் பத்து நிமிஷத்தில் வேலைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் டிஸ்க் நல்லபடியாக இருந்தும் டேட்டா போனதுதான். மைக்ரோசாஃப்டுக்கு எழுதிப் பயனில்லை. கணக்கில் ஏறாத சாவி அவர்களிடமும் இருக்காது.

2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு கெட்ட அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. சரிசெய்ய சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்தால் போதும். பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டர்களில் அதற்கே மீட்புச் சாவி தேவைப்பட்டது. பெரிய பெரிய நிறுவனங்களின் ஐடி ஆட்கள் சாவிப் பட்டியலைத் தேடி அலைந்த நாள் அது.

ஹோம் பதிப்பில் அந்தச் சாவி தானாகப் போய் உட்காருவது மைக்ரோசாஃப்ட் கணக்கில். யாருடைய கணக்கு? லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலில் ஆன் செய்தது கடைப்பையன். மெயில் ஐடி கேட்டது. டாக்டர் கன்சல்டேஷனில் இருந்தார். பையன் தன்னுடையதையோ கடையுடையதையோ போட்டான். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒன்றைப் புதிதாக உருவாக்கி, பாஸ்வேர்டை டப்பாவின் மூடியில் பேனாவால் எழுதிக் கொடுத்தான். அந்த டப்பா இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆக, கிளினிக்கின் அத்தனை நோயாளி விவரத்துக்கும் சாவி கடைக்காரர் கையில், அல்லது யார் கையிலும் இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே நடப்பது இது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: லேப்டாப் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், முதலில் என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். டிஸ்க் முழுதாகத் திரும்பத் திறந்து முடியும்வரை விடுங்கள். கணக்கை மாற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தால் புதுச் சாவி உருவாகும், பழையது செல்லாது. அந்தப் புதுச் சாவியை காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு ஐடி உண்டு. நீலத்திரை அந்த ஐடியைக் காட்டித்தான் கேட்கும். லேப்டாப்பின் சீரியல் நம்பர், சாவி ஐடி, 48 இலக்கம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்று டாக்டரின் வீட்டு பீரோவில், மற்றொன்று வேறொரு கட்டடத்தில். லேப்டாப் பையில் மட்டும் வேண்டவே வேண்டாம். போட்டோ எடுத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் அதே மாதிரிதான்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சாவியைக் கூடவே கொடுக்காதீர்கள். போர்டு மாற்றிய பின் அவர் போன் செய்து கேட்டால், "கொண்டு வாங்க, நான் அடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சட்டம்

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. 2025 நவம்பரில் வந்த விதிகள் அந்த ஏற்பாடுகளில் என்கிரிப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு கிளினிக்குக்கு 250 கோடி போடுவார்களா என்ற பட்டிமன்றம் வேண்டாம். கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டத்தில் தரவு மீறல் என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கம்: வெளியே கசிவது மட்டும் அல்ல, தரவை அணுக முடியாமல் போவதும் அதில் அடங்கும். பேக்கப் இல்லாமல் சாவியைத் தொலைத்தால், திருடனே வராமல் ஒரு மீறல் நடந்துவிடும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். எச்ஐவி நோயாளிகளின் விவரத்துக்கு 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும், மனநலச் சிகிச்சைக்கு அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியக் காப்பைத் தனியே வலியுறுத்துகின்றன.

லேப்டாப்பில் எதையுமே வைக்காமல் இருப்பது

பிரவுசரிலேயே ஓடும் கிளினிக் சாஃப்ட்வேருக்கு மாறினால், லேப்டாப் தொலைந்தாலும் டேட்டா அதில் இல்லை என்பது வாதம். சரியான வாதம்தான், பேக்கப் தலைவலியும் குறையும். இரண்டு ஓட்டைகள் உண்டு. பிரவுசர் பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொண்டால், விண்டோஸைத் திறந்தவர் எல்லாவற்றையும் திறந்தவர். ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க இறக்கும் பிடிஎஃப் திரும்பவும் டவுன்லோட்ஸில் போய் விழும். ஆகவே இந்த வழியிலும் டிஸ்க் என்கிரிப்ஷன் வேண்டும். வேண்டாம் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் வயதானவரைப் பார்க்கப் போகும் நர்ஸ், முகப்பில் இருக்கும்வரை போன் ஹாட்ஸ்பாட் நன்றாக ஓடும். வளவைத் தாண்டி உள்ளறைக்குள் போனால் அந்தத் தடித்த சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும். பிரஷர் அளந்து எழுத முற்றத்துக்கு வர வேண்டியிருந்தால், அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு ராத்திரி ஏற்றுவார். அந்தக் காகிதம் எங்கே போகிறது என்பது வேறு கதை. நெட் இல்லாமலும் எழுதிவைத்து, வந்ததும் ஏற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேரா என்று வாங்குமுன் அந்த மாதிரி ஒரு வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்.

கிளினிக்கில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவது இன்னொரு வகை. விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி இல்லாமல் அதற்கான போர்ட்டை, அதாவது நுழைவாயிலை, இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது, ஃபைல்களை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரனுக்குக் கதவைத் திறந்துவிடுவது. அமைத்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

ரான்சம்வேர் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிஸ்க் என்கிரிப்ஷன் அதைத் தடுக்காது. நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்யும்போது வைரஸுக்கும் எல்லாம் திறந்தே இருக்கும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் அப்படித்தான் முடங்கி, நாட்கணக்கில் ஓபி சீட்டைக் கையால் எழுதினார்கள். அதற்கு மருந்து, லேப்டாப்பிலிருந்து கழற்றி வைத்த பேக்கப்.

தொலைவிலிருந்து அழிக்கும் வசதியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. விண்டோஸின் ஃபைண்ட் மை டிவைஸ் இருக்கும் இடத்தைக் காட்டும், லாக் செய்யும், அழிக்காது. அழிக்கும் சேவைகள் மாதச் சந்தாவில் வருபவை, அதுவும் லேப்டாப் நெட்டில் சேர்ந்தால்தான். டிஸ்க்கைக் கழற்றுகிறவன் நெட்டில் சேரப்போவதில்லை. ஐந்து லேப்டாப்புக்கு அந்தச் செலவை நான் செய்ய மாட்டேன்.

யாருக்கு எது

தேவகோட்டையில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், லேப்டாப் மேசையை விட்டு நகராது: ஹோம் பதிப்பின் டிவைஸ் என்கிரிப்ஷன், கணக்கு டாக்டரின் பெயரில், சாவி காகிதத்தில். கம்பவுண்டருக்குத் தனி லாகின். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனும் எல்-லும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீனைப் பூட்டும் பழக்கம். காசு ஏதும் செலவில்லை.

காரைக்குடியில் லேப், புதுவயலிலும் பள்ளத்தூரிலும் கலெக்‌ஷன் பாயிண்ட்: புரோவும் பிட்லாக்கரும். எல்லாச் சாவியும் ஒரே பதிவேட்டில், உரிமையாளரிடம். கலெக்‌ஷன் பாயிண்டில் உள்ள லேப்டாப்பில் பிரவுசர் சாஃப்ட்வேர் மட்டும் ஓடட்டும். டவுன்லோட்ஸை வாரம் ஒருமுறை காலி செய்வது ஒருவர் பொறுப்பு. வாட்ஸ்அப் வெப்புக்கு லேபின் போன் நம்பர்தான். பையன்களின் சொந்த நம்பர் கூடாது. வேலையை விட்டுப் போகும்போது அத்தனை ரிப்போர்ட்டும் அவர்களோடு போய்விடும்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட்: லேப்டாப் எதற்கு என்று முதலில் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்போடு விற்பனைக்கு வந்த போன், டேப்லெட்டுகள் என்கிரிப்ஷனோடே வருகின்றன; ஆறு இலக்க லாக் போட்டால் பெரும்பாலான லேப்டாப்பைவிட அவை பத்திரம். லேப்டாப் இல்லாமல் முடியாது என்றால் பிட்லாக்கரோடு ஆன் செய்யும்போது பின் கேட்கும் அமைப்பு, மூடினால் ஹைபர்னேட், அன்றன்றைக்குப் பார்க்கும் நோயாளிகளின் விவரம் மட்டும்.

ஸ்கேன் சென்டரில் மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் தனி ஜாதி. பழைய விண்டோஸில் ஓடலாம். விண்டோஸ் 10-க்கே ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கம்பெனி இன்ஜினியரைக் கேட்காமல் அதில் என்கிரிப்ஷன் போட்டால் மெஷின் நின்றுபோகலாம், வாரண்டியும் போகலாம். அதை நெட்டிலிருந்து கழற்றி, அறையைப் பூட்டி வையுங்கள். படங்களை வெளியே எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பிட்லாக்கர் டு கோவில் பூட்டுங்கள். அதை ரிப்போர்ட் எழுதும் புரோ லேப்டாப்பில் செருகித் திறந்துகொள்ளலாம். மெஷின் கம்ப்யூட்டரே அதைத் திறக்க வேண்டுமென்றால் முன்கூட்டி ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கெட்டு இன்ஜினியர் புதிதாக மாற்றினால், பழையதை அவர் பையில் போட விடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "எக்ஸ்சேஞ்சுக்கு வேணும் சார்" என்று சொன்னால், அதற்கான தொகையைக் கொடுத்துவிட்டாவது.